யார் தலை இது?

தன் பின்தலையைப் படத்தில் பார்த்தால் ஒருவருக்கு அடையாளம் தெரியுமா? கண்காட்சிக்கு முன் என்னிடம் கேட்டிருந்தால் பேந்தப் பேந்த விழித்திருப்பேன்.

எங்கள் தெருவில் முடிவெட்டும் கடை வைத்திருப்பவரைக் ‘கத்திரி அண்ணன்’ என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். நாளெல்லாம் அவர் பார்ப்பது பின்தலைகள். தெருக்காரர்கள் சிலர் ஞாயிற்றுக்கிழமைகளில் நூலக மாடியில் கூடிப் படம் வரைவார்கள். அந்தக் குழுவில் சேர்ந்ததும் அவர் வரைந்தது பின்தலைகளைத்தான். சுழி, பிடரி மடிப்பு, காதோர நரை என எதையும் விடவில்லை.

குழு கண்காட்சி வைப்பதென்று முடிவானதும் அவர் வீட்டில் புயல் கிளம்பியது. படங்களில் ஒன்று, அவர் கடை இருக்கும் கட்டடத்தின் முதலாளியுடையது. முதலாளி பக்கவாட்டு முடியை நீளமாக வளர்த்து வழுக்கைமேல் இழுத்து வாரியிருப்பார். முன்னாலிருந்து பார்த்தால் ஒப்பேறிவிடும். பின்னாலிருந்து பார்த்தால் குட்டு உடைந்துவிடும்.

“வேற தலையே கிடைக்கலையா உங்களுக்கு?” என்றாள் மனைவி. “கடையைக் காலி பண்ணுன்னு சொல்லிட்டா நாற்காலியை எங்க கொண்டுபோய்ப் போடுவீங்க? என் தலையிலயா?”

“அங்க ஏது இடம்? உங்கண்ணன்தான் ஏறி உட்கார்ந்திருக்கானே.” பிறகு குரலைத் தணித்தார். “பேரு போடலை, கேலியும் பண்ணலை. இருக்கிறதுலயே நல்லா வந்தது அதுதான். மாட்டத்தான் போறேன்.”

மாட்டினார்.

முதல் நாளே மாடி கொள்ளாத கூட்டம். பிறர் தலையை எல்லாரும் கண்டுபிடித்தார்கள். தன் தலை மட்டும் யாருக்கும் பிடிபடவில்லை. “இதுல நான் இருக்கேனா, கொஞ்சம் பாருங்க” என்று முன்பின் பேசாதவர்களிடம் முதுகைக் காட்டி நின்றார்கள். எதிரெதிர் வீட்டில் இருந்தும் தலையாட்டலோடு நிறுத்திக்கொண்ட இருவர், ஒருவர் பிடரியை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஒரு பெண்மணி தபால்காரரின் படத்தைக் காட்டி, “இதோ எங்க வீட்டுக்காரர்” என்றதும் மாடியே அதிர்ந்தது.

அப்போது முதலாளி மகளோடு வந்து, தன் படத்தின் முன்னாலேயே நின்றார். “ஐயோ பாவம், யாரு இது? நாலு முடியை வச்சுக்கிட்டு என்ன பாடு படுறாரு!”

சிரிப்பு நின்றது. மனைவி கத்திரி அண்ணனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“அப்பா, அது நீங்கதான்” என்றாள் மகள்.

அவர் கை தானாகத் தலைக்குப் போனது. “இப்படியா இருக்கு?” என்று கத்திரி அண்ணனைப் பார்த்துக் கேட்டார்.

“இப்படித்தான் இருக்கு, முதலாளி.”

“இத்தனை வருஷமா ஏன்யா சொல்லலை?”

“அந்தப் பக்கம் கையே வைக்காதேன்னு நீங்கதானே சொன்னீங்க?”

யாரோ அடக்க முடியாமல் களுக்கென்று சிரித்தார்கள். முதலாளி படியிறங்கிப் போய்விட்டார்.

மறுநாள் காலை, கடை திறக்கும் முன்பே வாசலில் நின்றார். கடையைக் காலி பண்ணச் சொல்லத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தபடியே கத்திரி அண்ணன் கதவைத் திறந்தார். ஆனால் முதலாளி நேராகப் போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

“மெஷினைப் போட்டு எடுத்துடு. முடிஞ்சதும் இதையும் வரைஞ்சு பழசுக்குப் பக்கத்துல மாட்டு. வர்றவங்களுக்கு நானே நின்னு காட்டுறேன்.”

சொன்னபடியே, கண்காட்சி முடியும்வரை பளபளக்கும் தலையோடு நின்று காட்டினார்.

இந்தக் கதையை உங்களோடு வைத்துக்கொள்ளாதீர்கள். இதுவரை நீங்கள் பேசிப் பழகாத பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.