தொழில் சோதனை உள்ளூரிலேயே நடைபெறும்

"வளைகுடா நாட்டின் பிரபல துணி ஆலைக்கு விசைத்தறி ஓட்டத் தெரிந்தவர்கள் தேவை. தங்குமிடம், உணவு இலவசம். தொழில் சோதனை உள்ளூரிலேயே நடைபெறும். தேர்வு பெறுவோர் வெளிநாடு செல்ல ஏற்பாடு செய்து தரப்படும்."

1979-ஆம் வருட டைரியில் இந்த விளம்பரத்தை வெட்டி ஒட்டி வைத்திருக்கிறேன். பக்கத்தில் என் கையெழுத்தில் ஒரு குறிப்பு: 'ஆடிக் கிருத்திகைக்கு முந்தின வாரம். தணிகாசலம் கொண்டுவந்து காட்டினான். விசா கைக்கு வரும்வரை தறியை விடாதே என்றேன். சிரித்தான்.'

தேதியும் எழுதியிருந்தேன். பசை பட்டு அழிந்துவிட்டது. நாள் தெரியாத குறிப்பு பாதிக் குறிப்புதான். என்ன செய்வது?

ஐந்து வருஷம் கழித்து அந்த டைரியை இந்த வாரப் பத்திக்காக இப்போது ஏன் எடுத்தேன் என்று கேட்பீர்கள். மூன்று வாரத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் கன்னியம்மா வந்தாள்.

கன்னியம்மா தணிகாசலத்தின் மனைவி. ஆர்.கே.பேட்டையில் ஒரு விசைத்தறி ஷெட்டில் தார் சுற்றுகிறாள். அதாவது, துணியில் குறுக்கே ஓடும் ஊடைநூலைச் சின்னச் சின்னக் குச்சிகளில் சுற்றிக் கொடுக்கிற வேலை. வெளிநாட்டு வேலை விளம்பரம் எங்கே கண்ணில் பட்டாலும் கிழித்து எடுத்துக்கொண்டு டவுன் பஸ் ஏறித் திருத்தணிக்கு என்னிடம் வந்துவிடுவாள். அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். ஆனால் கம்பெனியின் பெயர் பெரும்பாலும் இங்கிலீஷில் இருக்கும்.

"சார், இது அந்தக் கம்பெனியா, கொஞ்சம் பாத்து சொல்லுங்க."

பார்த்தேன். இல்லை. பெயர் வேறு, ஊர் வேறு. ஆபீஸ் அரக்கோணத்தில். ஆனால் நடுவில் ஒரு வரி... "தொழில் சோதனை உள்ளூரிலேயே நடைபெறும்."

"இது வேறம்மா" என்றேன்.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து போய்விடுவாள். அன்றைக்குப் போகவில்லை.

"வேறதானா? அப்போ நல்ல கம்பெனியா சார்?"

"ஏன் கேக்கறே?"

"சுப்பிரமணி போறேன்னு நிக்கிறான்."

சுப்பிரமணி அவளுடைய தம்பி. அதே ஷெட்டில் தறி ஓட்டுகிறவன். தணிகாசலம் போனபிறகு அக்காளுக்கு இருக்கிற ஒரே துணை.

இனி 1979-க்குப் போகாமல் முடியாது.

அந்தத் தடவை சோதனை நடந்தது ஆர்.கே.பேட்டையில், வாடகைக்கு எடுத்த ஒரு ஷெட்டில். மேனேஜர் என்று சொல்லிக்கொண்டு சஃபாரி சூட் போட்ட ஒருவர் பட்டணத்திலிருந்து வந்தார். பணம் கேட்கவில்லை. சர்ட்டிபிகேட் கேட்கவில்லை. ஒவ்வொருவரையும் தறியில் உட்காரவைத்தார். பாவை, அதாவது தறியில் நீளவாக்கில் ஓடும் நூல்களை, நடுவில் வெட்டிவிட்டு, "கட்டு" என்றார். அறுந்த இழைகளை ஒவ்வொன்றாகப் பிணைக்க வேண்டும். பிணைத்த இடம் விரலுக்குத் தட்டுப்படக் கூடாது. தணிகாசலம் கட்டி முடித்தபோது மேனேஜர் தோளில் தட்டிக் கொடுத்தாராம்.

வெளியூர் வாசகர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கத்து நெசவுக்காரர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. புது ஆளைத் தறியில் உட்காரவைத்து வேலை வாங்கிப் பார்க்கிற முதலாளி, வேலை சரியாக இருந்தால் அந்தத் தறியைக் கொடுத்தாக வேண்டும். உட்காரவைத்துப் பார்த்துவிட்டு 'சரி, சொல்லி அனுப்புகிறேன்' என்று சொல்வது இங்கே கிடையாது. தறி காலியாக இல்லையென்றால் உட்காரவே வைக்க மாட்டார்கள். அதே போல, ஒரு இடத்தில் தேறியவன் பழைய இடத்துத் தறியை அன்றைக்கே விட்டுவிட வேண்டும். இரண்டு தறிக்கு ஒரு ஆள் பாத்தியதை கொண்டாடக் கூடாது. எழுதி வைத்த சட்டம் இல்லை. ஆனால் எழுதி வைத்த எத்தனையோ சட்டங்களைவிட ஒழுங்காக நடக்கிறது.

தணிகாசலம் அந்த வழக்கப்படிதான் நடந்தான். சோதனை முடிந்த கையோடு நேராக முனிரத்தினத்தின் ஷெட்டுக்குப் போய், தன் தறியை விட்டுவிட்டதாகச் சொல்லிவிட்டு வந்தான். முனிரத்தினம் அவனுடைய முதலாளி.

"விசா வரலையே, அதுக்குள்ள ஏன்டா?" என்று நான் கேட்டேன்.

"சார், நீங்க பொஸ்தகம் படிக்கிறவரு, எல்லாத்தையும் சந்தேகமா பாக்கறீங்க. அவன் என் பேர்கூட சரியா கேக்கல. கையத்தான் பாத்தான். கையப் பாத்தவன் ஏமாத்துவானா?"

பக்கத்தில் சுப்பிரமணி. அக்காள் புருஷனை அவன் 'பாவா' என்றுதான் கூப்பிடுவான். அப்போது மீசை முளைத்தும் முளைக்காத வயது. "துபாய் பாவா, எனக்கு ஒரு டேப்ரிக்கார்டர் மறந்துடாத" என்றான்.

"டேப்ரிக்கார்டரா? மொதல்ல ஒன் தறிய அறுந்துபோகாம ஓட்டுடா, பாக்கலாம்."

எல்லோரும் சிரித்தோம். நானும்தான்.

ஐப்பசியில் தந்தி வந்தது. பம்பாய்க்கு வரச் சொல்லி. ஆறேழு பேராக அரக்கோணத்தில் பம்பாய் மெயில் ஏறினார்கள். போவதற்கு முன் 'சர்வீஸ் சார்ஜ்' என்று ஒன்றைக் கேட்டார்கள். கேட்டதும் கொடுத்தார்கள். வேலையைப் பார்த்துத் தறி கொடுத்த முதலாளியிடம் யார் பேரம் பேசுவார்கள்?

பம்பாயில் என்ன நடந்தது? திரும்பி வந்தவர்கள் சொல்லித்தான் தெரியும். மூன்று பேரிடம் தனித்தனியாகக் கேட்டு எழுதி வைத்திருக்கிறேன். மூவரும் சொன்னதில் ஒத்துப்போகிறவற்றை மட்டும் தருகிறேன்.

ஒரே அறையில் மூன்று கம்பெனி போர்டு. 'துணி ஆலையில் இப்போதைக்கு ஆள் எடுப்பதை நிறுத்திவிட்டார்கள்' என்று ஒருவன் சொன்னான். அதற்குப் பதிலாக, பாலைவனத்தில் எண்ணெய்க் கம்பெனிக் கூடாரங்களைப் பெருக்கிக் கழுவுகிற வேலை இருக்கிறது, கையெழுத்துப் போட்டால் அனுப்புகிறோம் என்றான். இரண்டு பேர் கையெழுத்துப் போட்டுப் போனார்கள். மற்றவர்கள் ஊருக்குத் திரும்பினார்கள்.

தணிகாசலம் இரண்டும் செய்யவில்லை.

"தறியில உக்காரவெச்சு பாத்தீங்க இல்ல? தேறினேன் இல்ல? அப்போ தறியக் குடுங்க" என்று தினமும் அந்த ஆபீஸ் வாசலில் போய் நின்றானாம். அவனுக்கு இந்தி தெரியாது. தமிழிலும் தெலுங்கிலும் மாறி மாறிக் கேட்டானாம். கூடப் போயிருந்த ஒருவன், "வாப்பா, ஊருக்குப் போலாம்" என்று இழுத்திருக்கிறான். "தறிய விட்டுட்டு வந்துட்டேன். எந்த மூஞ்சிய வெச்சிகினு முனிரத்தினம் எதிர்ல போய் நிக்கறது?" என்று சொன்னானாம்.

இதுதான் அவனைப் பற்றி நிச்சயமாகத் தெரிந்த கடைசிச் செய்தி.

கன்னியம்மா முனிரத்தினத்திடம் போனாள். அவர் கெட்ட மனிதர் அல்ல. அவளுக்குத் தார் சுற்றுகிற வேலை கொடுத்தவரும் அவர்தான். ஆனால் தறி விஷயத்தில், "நான் இன்னாம்மா பண்றது? அவனே வந்து விட்டுட்டேன்னான். இப்போ வேற ஆளு உக்காந்துகினு இருக்கான். எழுந்திருடான்னு சொல்ல முடியுமா?" என்றார். நியாயம்தான். அதே வழக்கம்... இந்தப் பக்கத்திலிருந்தும் கட்டிப் போட்டுவிட்டது.

நான் அந்த விளம்பரம் வந்த பத்திரிகையின் விளம்பரப் பிரிவுக்கு எழுதினேன். 'விளம்பரங்களில் உள்ள விவரங்களுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று அச்சடித்த கார்டு வந்தது. குறை சொல்ல மாட்டேன். இந்தப் பத்திக்குக் கீழே இந்த வாரம் என்ன விளம்பரம் வரப்போகிறது என்று எனக்கும் தெரியாது.

அந்தக் கட்டிங்கைத் திரும்பத் திரும்பப் படித்திருக்கிறேன். எந்த வரி பொய்? தங்குமிடமும் சாப்பாடும் இலவசம் என்பது கூடாரம் கழுவப் போனவர்களுக்கு உண்மையாகவே நடந்தது. தொழில் சோதனை உள்ளூரில் நடந்தது. வெளிநாடு செல்ல ஏற்பாடும் செய்து தந்தார்கள். ஒரு வக்கீல் நண்பரிடம் காட்டினேன். "கோர்ட்டில் நிற்காது சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். பொய் சொல்லாமலேயே ஒருவனை ஏமாற்ற முடியுமென்றால், விளம்பரம் எழுதுகிறவனிடம் நாம் எதைக் கேட்பது? உண்மையை எழுது என்றா? அவன் எழுதித்தான் இருக்கிறான். இல்லாத ஒன்றே ஒன்றைத் தவிர. அது தறி வேலை.

இப்போது காலம் மாறிவிட்டது என்கிறார்கள். போன வருஷம் புதுச் சட்டம் வந்திருக்கிறது. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்ட் சர்க்காரில் பதிவு செய்துகொள்ள வேண்டும். கன்னியம்மா கொண்டுவந்த விளம்பரத்தின் அடியிலும் ஒரு பதிவு எண் அச்சாகியிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை நான், கன்னியம்மா, சுப்பிரமணி மூவரும் அரக்கோணம் போனோம். ஸ்டேஷன் பக்கம் மாடியில் ஆபீஸ். உள்ளே ஓர் இளைஞர், நெற்றியில் விபூதி, மரியாதையான பேச்சு.

"இந்த நம்பருக்கு உண்டான சர்ட்டிபிகேட்டைப் பார்க்கலாமா?" என்றேன்.

"ஒரிஜினல் பம்பாய் ஹெட் ஆபீஸ்ல இருக்கு சார். நாங்க பிராஞ்சுதான்."

"ஆலையின் பேர்?"

"செலக்‌ஷன் ஆனவங்களுக்குத்தான் சொல்லுவோம் சார். போட்டி ஜாஸ்தி பாருங்க."

"தறி சோதனை எதுக்கு வைக்கிறீங்க? மத்த ஊர்ல வைக்கிறதில்லையே?"

அவர் சிரித்தார். "இந்தப் பக்கத்து ஜனங்க அது இல்லன்னா வர்றதில்ல சார்."

இந்தப் பதிலை அங்கேயே குறித்துக்கொண்டேன். வெகுளியாகச் சொன்னாரா, தெரிந்தே சொன்னாரா? இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.

படி இறங்கும்போதே கன்னியம்மா தம்பியின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம்டா. ஒருத்தர் போனது போதும்."

"அக்கா, நானும் அப்படியே போயிடுவேன்னு நெனைக்கிறியா? பம்பாய் வழியாத்தான் போகணும். பாவாவைத் தேடிப் பாக்கறேன். பம்பாய் பக்கத்துல பிவண்டியில நம்ம ஆளுங்க நெறய பேர் தறி ஓட்றாங்க. அங்க பாவா மாதிரி ஒருத்தர பாத்தேன்னு அங்க போய்வந்த பள்ளிப்பட்டுக்காரர் சொன்னாரு இல்ல?"

"மாதிரின்னுதான் சொன்னாரு."

"ஆங், மாதிரிதான். போய்ப் பாத்தாத்தானே தெரியும்?"

அவள் பிடியை விட்டுவிட்டாள். அதை நான் பார்த்தேன். தம்பியைத் தடுக்க வந்தவளின் கை, புருஷனைப் பற்றிய பேச்சைக் கேட்டதும் தளர்ந்து போயிற்று. அந்த விளம்பரத்தில் இல்லாத ஒரு வரியை அவளே எழுதிச் சேர்த்துக்கொண்டாள். இதற்கு யார் மேல் வழக்குப் போடுவது?

பஸ்ஸில் வரும்போது என்னிடம் தணிந்த குரலில் கேட்டாள்.

"சார், நீங்க சொல்லுங்க. போவட்டுமா, வேணாமா?"

"சோதனைக்குப் போகட்டும். ஆனா அந்த நம்பர் நிஜம்னு தெரியறவரைக்கும் தறியை விட வேணாம்னு சொல்லு."

"அவன் கேப்பானா சார்?"

கேட்கவில்லை. புதன்கிழமை கே.ஜி.கண்டிகையில் சோதனை நடந்தது. சுப்பிரமணி தேறினான். சாயங்காலமே முனிரத்தினத்தின் ஷெட்டுக்குப் போய்த் தறியை விட்டுவிட்டான். கன்னியம்மா அங்கேதான் தார் சுற்றிக்கொண்டிருந்தாள். "ஒரு மாசம் அந்தத் தறிய அப்படியே வையுங்க மொதலாளி" என்று கெஞ்சியிருக்கிறாள். அவர் எழுந்து வெளியே போய்விட்டாராம். மறுநாள் காலையில் அந்தத் தறியில் வேறு ஆள்.

பம்பாயில் தறிக்காரர் சங்கம் ஒன்றின் விலாசம் கிடைத்தது. தணிகாசலத்தின் அங்க அடையாளங்களைக் குறிப்பிட்டு எழுதிப் போட்டிருக்கிறேன். அந்தப் பதிவு எண்ணைக் குறிப்பிட்டுச் சென்னையில் ஏஜென்ட் பதிவைக் கவனிக்கும் அதிகாரிக்கும் ரிஜிஸ்டர் தபால் அனுப்பினேன். கடிதம் கிடைத்ததற்கான அட்டை வந்துவிட்டது. பதில் வரவில்லை.

ஆகவே, இந்தப் பத்தி அச்சுக்குப் போகும் நேரத்தில் அந்த எண் உண்மையானதா என்பது உறுதிசெய்யப்படவில்லை. சுப்பிரமணிக்கு வருகிற வெள்ளிக்கிழமை பம்பாய் ரயில்.