எட்டுச் சில்லுக்கு எட்டுத் தேசிக்காய்

சனிக்கிழமைகளில் யாராவது அம்மாவின் கைத்தொலைபேசிக்கு எடுத்து அப்பாவைக் கேட்டால், "அவர் மற்ற வீட்டுக்குப் போயிட்டார்" என்று அம்மா சொல்வார். புதிதாகக் கேட்பவர்கள் ஒரு கணம் மூச்சு விடாமல் நிற்பார்கள். அந்த ஒரு கணத்தை நன்றாக அனுபவித்த பிறகுதான் அம்மா விளக்கம் கொடுப்பார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் பழைய ரயில்களைச் சேர்த்து வைத்து ஓடவிடுகிற இடம் ஒன்று இருக்கிறது, அங்கே ஒரு டீசல் இஞ்சினுக்குக் கீழே இந்த மனுசன் படுத்துக் கிடக்கிறார், ஒருவரும் கூப்பிடவில்லை, ஒரு சதம் சம்பளமும் இல்லை.

கூப்பிடவில்லை என்பது உண்மைதான். அந்த இடத்துக்குப் போன என் பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குத் துணையாக வந்த பெற்றோரில் அப்பாவும் ஒருவர். அங்கே ஒரு இஞ்சினின் பக்கக் கதவுகளைத் திறந்து வைத்துக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஓவரோல் போட்ட நாலைந்து பேர் சண்டை பிடிப்பதும் சிரிப்பதுமாக நின்றார்கள். அப்பா வேலை செய்தது நகரின் லாசால் பகுதியில் ஒரு பெட்டி செய்யும் தொழிற்சாலையில். காதை மூடிக்கொண்டு எட்டு மணிநேரம் ஒரு மெசினோடு நிற்க வேண்டும், வாய் திறக்க ஆள் கிடையாது. அன்று எல்லாப் பிள்ளைகளும் பஸ்ஸில் ஏறிவிட்டார்கள், அப்பாவை மட்டும் என் ஆசிரியை போய்க் கூட்டிவர வேண்டியிருந்தது. எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த சனிக்கிழமையே அவர் தனியாகப் போய், தொண்டர்களில் ஒருவராகச் சேர்ந்துகொண்டார்.

அப்பாவின் பிரெஞ்சு முழுவதும் அந்த இஞ்சினுக்குள் கற்றது. பால் வாங்க டெப்பனர் என்கிற மூலைக்கடையில் தடுமாறுவார், ஆனால் எண்ணெய் கசியும் இடத்தையும் பிரேக் கட்டை தேய்ந்த அளவையும் பிரெஞ்சில் தடையில்லாமல் சொல்வார். பனிக்காலம் வருமுன் இஞ்சினிலிருந்து தண்ணீரைச் சொட்டு விடாமல் வடிக்க வேண்டும், இல்லாவிட்டால் உறைந்து இரும்பையே பிளந்துவிடும். வசந்தத்தில் திரும்ப நிரப்ப வேண்டும். இதையெல்லாம் சாப்பாட்டு மேசையில் அப்பா விவரிக்கும்போது, அம்மா கறியை வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார். அம்மாவுக்கு ஜான்-டலோன் சந்தையில் ஒரு மரக்கறிக் கடையில் வேலை. சனி, ஞாயிறுதான் அங்கே கூட்டம். ஆகவே சனிக்கிழமை வீடும் நானும் அப்பாவின் பொறுப்பு. வீட்டை அப்படியே விட்டுவிட்டு, என்னை மட்டும் காரில் ஏற்றிக்கொண்டு அவர் போய்விடுவார். வேலையால் களைத்து வரும் அம்மா, எண்ணெய் ஓவரோலைக் குளியலறையில் தனியாக ஊறவைத்துத் தோய்ப்பார். இரண்டு வருடத்தில் ஒருநாள்கூட அவர் அந்த இடத்தை எட்டிப் பார்க்கவில்லை.

அப்பாவுக்கு இஞ்சின் ஓட்ட ஆசை. திருத்துகிறவர்கள் எல்லோருக்கும் அங்கே ஓட்டும் அனுமதி கிடையாது, அதற்குச் சோதனை உண்டு. விதிப்புத்தகத்தைப் படித்து எழுத வேண்டும். பிறகு ஆகஸ்ட் கடைசி ஞாயிறன்று, சனங்கள் ஏறிய ரயிலை, ழில் என்ற மூத்த ஓட்டுநர் பக்கத்தில் நின்று பார்க்க, ஓட்டிக் காட்ட வேண்டும். வருடத்தில் அந்த ஒரு நாள்தான். பனிக்காலம் முழுவதும் அப்பா சமையலறை மேசையில் அந்தப் புத்தகத்தோடு இருந்தார். நான் வசனம் வசனமாக வாசித்துக் காட்ட, அவர் என் பின்னால் திருப்பிச் சொல்வார். நாற்பத்திரண்டு வயதில் என்ன சோதினை என்று அம்மா கேட்டார். எழுத்துச் சோதனையில் அப்பா தேறிவிட்டார். அதன் பிறகு அம்மா அப்படிக் கேட்கவில்லை.

அந்த ஞாயிறுக்கு முந்திய வாரம், லீக்ஸ் வெட்டிக்கொண்டிருந்த அம்மா தலை நிமிராமல் என்னிடம் கேட்டார்:

"அந்த இஞ்சினுக்கு எத்தினை சில்லு?"

எட்டு என்று சொன்னேன், பக்கத்துக்கு நாலு. அம்மா "ம்" என்றுவிட்டு வெட்டுவதைத் தொடர்ந்தார். நான் அதை மறந்தும் போனேன்.

ஞாயிறு காலை அம்மா வேலைக்குப் போகவில்லை. பச்சைச் சேலை உடுத்து, கைப்பையும் கையுமாகக் கதவடியில் நின்றார். சும்மா, பார்ப்போம் என்று வருவதாகச் சொன்னார். அப்பா காரை எடுத்தார். நூறு தடவைக்கு மேல் போய்வந்த பாதையில், பாலம் தாண்டித் திரும்ப வேண்டிய இடத்தைத் தவறவிட்டார்.

நாங்கள் போனபோது இஞ்சினை ஏற்கெனவே தட்டி ஓடவிட்டிருந்தார்கள். அது நின்ற இடத்திலேயே உறுமிக்கொண்டிருந்தது, மேடை காலுக்குக் கீழே அதிர்ந்தது. அப்பா கையெழுத்து வைக்கக் கொட்டகைக்குள் போனார். அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டுக் கைப்பையைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். உள்ளே எட்டுத் தேசிக்காய். தன் கடையில் தானே பொறுக்கி எடுத்தது, எல்லாம் ஒரே அளவு, ஒரே மஞ்சள்.

"சில்லுக்கு ஒண்டு வைச்சிட்டு ஓடி வா பிள்ளை. அப்பாட்டைக் கேளாதை. சிரிப்பார்."

எங்கள் ஆட்கள் கார் வாங்கினால் கோயில் வாசலில் டயருக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்துக்கொண்டு புறப்படுவார்கள், கண்ணூறு படாமல் இருக்க. எங்கள் பழைய டொயோட்டாவுக்கும் அம்மா அப்படித்தான் செய்தார். கார் என்றால் நாலு, இஞ்சின் என்றால் எட்டு. கணக்குச் சரிதான். ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினுக்குக் கிட்ட, சொல்லாமல் ஒருவரும் மஞ்சள் கோட்டைத் தாண்டக்கூடாது என்பது மட்டும் அம்மாவுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். அந்த விதியை அப்பாவுக்கு வாசித்துக் காட்டியதே நான்தான். ஆனால் அம்மா முதல் தடவையாக வந்திருக்கிறார், சேலை கட்டிக்கொண்டு, என்னை நம்பி ஒரு வேலை தருகிறார். மாட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கோட்டைத் தாண்டிக் குனிந்து, எங்கள் பக்கத்துச் சில்லு நாலுக்கும் வைத்தேன். தண்டவாளத்தில் அது உருண்டு விழப் பார்த்தது, சில்லோடு ஒட்ட இறுக்கி வைக்க வேண்டியிருந்தது. உறுமல் நெஞ்சுக்குள் கேட்டது. மற்றப் பக்கம் போகப் பயந்து, மீதி நாலோடு ஓடி வந்துவிட்டேன்.

பிறகு அப்பாவும் ழில்லும் வந்தார்கள். ஓட்டுகிறவர் ஏறுமுன் இஞ்சினைச் சுற்றி நடந்து, பார்ப்பதை எல்லாம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அப்பா தொட்டுத் தொட்டுச் சொல்லிக்கொண்டு வந்தார். ழில் பின்னால் தாளில் குறித்துக்கொண்டு வந்தார். முதல் சில்லுக்கு வந்ததும் அப்பாவின் குரல் நின்றது. குனிந்து பார்த்தார். நிமிர்ந்து மேடையைப் பார்த்தார். அங்கே அம்மா கைகூப்பிக் கண்ணை மூடிக்கொண்டு நின்றார். பக்கத்தில் நான், பையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தபடி. அப்பா என்னை ஒரு கணம்தான் பார்த்தார்.

அதற்குள் ழில்லும் கண்டுவிட்டார். இதை யார் வைத்தது என்று கேட்டார்.

"நான்தான்," என்றார் அப்பா பிரெஞ்சில். இரண்டு வருடத்தில் அவர் பேசிய பிரெஞ்சில் ஆகத் தெளிவான வசனம் அது.

எங்கள் வழக்கம், வந்தவுடன் வைத்தேன் என்றும் விளக்கினார். ழில் கோபிக்கவில்லை. அவர் நல்ல மனிதர், ஆனால் விதி என்றால் விதி. ஒருவரிடமும் சொல்லாமல், ஓடிக்கொண்டிருக்கும் இஞ்சினின் சில்லுக்குள் கை விடுகிறவரிடம் இருநூறு சனத்தைக் கொடுக்க முடியாது என்றார். நாலு தேசிக்காயையும் எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். தாளில் ஏதோ எழுதினார். எழுதிக்கொண்டே சொன்னதில் அடுத்த ஆகஸ்ட் என்பது மட்டும் எனக்குக் கேட்டது. இஞ்சின் சத்தத்தில் பாதிதான் கேட்டது, அதுவும் அம்மாவுக்குப் பிரெஞ்சு விளங்காது. பார்த்து முடித்து எடுத்துவிட்டார்கள், அவ்வளவுதான் என்று அவர் நினைத்திருக்க வேண்டும்.

ழில் தானே ஓட்டினார். அப்பாவை உதவியாளாக இடது பக்கத்தில் நிற்கவிட்டார். ஓட்டுநர் இருப்பது வலது பக்கம் என்பது எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியாது. நாங்கள் ஏறியிருந்த ரயில் புறப்பட்டதும் அம்மா என் கையைப் பிடித்துக்கொண்டார். வளைவில் இஞ்சின் எங்கள் கண்ணுக்குத் தெரிந்தது. ஜன்னலில் அப்பாவின் தலை. அம்மா பக்கத்து ஆசனத்துக் கிழவியின் தோளைத் தட்டி, தனக்குத் தெரிந்த இரண்டு பிரெஞ்சுச் சொல்லில், அது என் கணவர் என்றார். கிழவி கைதட்டினார். எனக்கு அழுகை வந்தது. நான் கெடுத்துவிட்டேன் என்பது எனக்குள் கல்லாகக் கிடந்தது.

இறங்கியதும் அம்மா அப்பாவிடம் போனார்.

"நல்லா ஓட்டினீங்கள். பஸ்காரர் மாதிரி வெட்டி வெட்டி இழுக்கேல்லை."

அப்பா "ஓம்" என்றார். அப்பா பொய் சொல்லி நான் கேட்டது அன்று இரண்டாவது தடவை.

அடுத்த ஆகஸ்டில் அப்பா தேறினார். அதற்குள் அம்மா மாதத்தில் ஒரு ஞாயிறு சந்தைக்கு லீவு சொல்லிவிட்டு, தட்டு நிறைய றோல்ஸ் கொண்டுவந்து தொண்டர்களுக்குக் கொடுக்கத் தொடங்கியிருந்தார். பிறகு டிக்கெட் கிழிக்கவும் நின்றார். நடந்ததை நான் இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

சொல்லாததற்குக் காரணம், தேசிக்காய் வைத்த அன்று கொட்டகைக்குப் பின்னால் குழாயடியில் அப்பா கேட்டுக்கொண்டது. மணல் கலந்த சவர்க்காரத்தால் முழங்கை வரைக்கும் தேய்த்துக்கொண்டிருந்தார். நான் போய், உண்மையை ழில்லிடம் சொல்லப் போகிறேன், அம்மாவிடமும் சொல்லப் போகிறேன் என்றேன். அப்பா தண்ணீரை நிற்பாட்டினார்.

"வேண்டாம் பிள்ளை. தெரிஞ்சால் அம்மா இனி இஞ்சை வரமாட்டா."

எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. பனிக்காலம் முழுக்கப் படித்தோம். இரண்டு வருடமாக அம்மா வராமல்தானே இருந்தார், அதனால் இஞ்சினுக்கு என்ன குறை வந்தது? அப்பாவோ வீடு போய்ச் சேரும்வரை காருக்குள் வாய் ஓயாமல், இந்தப் பாலம், அந்தச் சந்தி என்று அம்மாவுக்குக் காட்டிக்கொண்டு வந்தார். சோதனையில் தோற்ற மனிதருக்கு என்ன இவ்வளவு சந்தோசம் என்று பின் ஆசனத்திலிருந்து யோசித்தேன். அவருக்கு இஞ்சின் ஓட்டத்தான் ஆசை என்று நான் நினைத்திருந்தேன்.