வெயிலில் நின்ற வண்டிகள்

ஒரகடத்தில் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் கேமராக்களைப் பார்த்துக்கொண்டிருப்பதுதான் என் வேலை. குன்றத்தூரிலிருந்து கம்பெனி பஸ்ஸில் போய் வருவேன். மனிதர்களைத் திரையில் பார்த்துப் பார்த்து, கண்காணிக்காவிட்டால் எவனும் யோக்கியனாக இருக்கமாட்டான் என்று நம்பத் தொடங்கியிருந்தேன்.

சென்ற வருடம் கத்திரி வெயிலில், வண்டி நிறுத்துமிடத்தில் பெட்ரோல் திருடு போவதாகப் புகார் வந்தது. இரண்டாம் நாளே ஒருவர் கண்ணில் பட்டார். வளாகத்தைப் பெருக்கும் ஒப்பந்தத் தொழிலாளி, வடக்குப்பட்டுக்காரர், ஐம்பது வயதிருக்கும். நண்பகலில் கூரைக்கு வெளியே நின்ற வண்டிகளிடம் ஒவ்வொன்றாகப் போய்க் குனிந்தார். மாட்டினார் என்று படத்தைப் பெரிதாக்கினேன். குப்பைக்குப் போகும் பேக்கிங் அட்டைகளைச் சீட்டுகளின் மேல் போட்டு, பறக்காமல் கல் வைத்துக்கொண்டிருந்தார்.

எனக்கு நம்பிக்கை வரவில்லை. நேரில் போய், யார் சொல்லி இதைச் செய்கிறீர்கள் என்று கேட்டேன்.

"யாரும் சொல்லலம்மா. லேட்டா வர்றதுங்க வண்டிதான் வெளிய நிக்குது. காலைலயே திட்டு வாங்கிகினு உள்ள போயிருக்கும். ரெண்டு மணிக்கு ஷிப்டு முடிஞ்சி வந்து சீட்டுல வேற சுட்டுக்கணுமா?"

அவர்களுக்குத் தெரியுமா என்றேன். கம்பெனி ஏற்பாடு என்று நினைத்துக்கொண்டிருக்கிறார்களாம்.

"நீங்கதான்னு சொல்லலாமே, அண்ணா?"

"சொல்லி இன்னா ஆவப்போவுது?" என்று துடைப்பத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அதன்பிறகு திருடனைத் தேடுவதைவிட அவரைப் பார்ப்பதில்தான் எனக்கு ஆர்வம். பாராட்டும் இல்லை, பலனும் இல்லை; எது அவரை வெயிலில் இறக்குகிறது? எத்தனை நாள் பார்த்தும் பிடிபடவில்லை. பெட்ரோல் எடுத்தவனும் கடைசிவரை பிடிபடவில்லை.

ஒரு வாரம் அவர் காய்ச்சலில் வரவில்லை. வண்டிகள் மொட்டை வெயிலில் காய்ந்தன. மூன்றாம் நாள் சாப்பாட்டு இடைவேளையில் அசெம்பிளி லைன் பெண் ஒருத்தி அட்டைகளோடு வந்தாள். தன் ஸ்கூட்டியை மூடிவிட்டுக் கிளம்பினாள். நான்கு எட்டு வைத்ததும் நின்றாள். திரும்பி வந்து பக்கத்து வண்டிக்குப் போட்டாள், பிறகு அதற்கடுத்ததற்கு. அட்டை தீர்ந்துபோனது; இன்னும் ஆறேழு வண்டிகள் மிச்சமிருந்தன. இடுப்பில் கைவைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தாள்.

திரையைப் பார்த்தபடியே பேக்கிங் பிரிவுக்குப் போன் செய்தேன். பழைய அட்டை இருந்தால் கொஞ்சம் அனுப்பி வைக்கச் சொன்னேன்.