கிணறு இல்லாத பெத்லகேம்

எங்கள் பள்ளியில் பெத்லகேமைப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆனால் பெத்லகேம் எப்படி இருக்கும் என்பதில் ஆளாளுக்கு ஓர் அபிப்பிராயம் இருந்தது. அரியலூரில் சிஸ்டர்கள் நடத்தும் பெண்கள் பள்ளி அது. டிசம்பர் பிறந்துவிட்டால் பாடம் பாதி, குடில் பாதி. ஒவ்வொரு வகுப்பும் மாட்டுத்தொழுவம் கட்டி, குழந்தை இயேசுவைப் படுக்கவைத்து, பரிசுக்கு அடித்துக்கொள்ளும். சமாதானத்தின் அரசர் பிறப்பதற்குள் பாதி வகுப்புகளுக்குள் பேச்சுவார்த்தை நின்றுபோகும்.

பிளஸ் டூவில் எங்கள் வகுப்புக் குடிலுக்குப் பின்திரை வரையும் வேலை எனக்கு வந்தது. பின்திரை என்றால் ஒரு பழைய வெள்ளைப் படுதா. வருஷாவருஷம் அதில்தான் பெத்லகேம் எழும்பும். ஜனவரியில் மூன்று ராஜாக்கள் திருநாள் முடிந்ததும் ஹாஸ்டல் தொட்டியில் ஊறப்போட்டுத் துவைத்துவிடுவார்கள். எனக்கு முந்தைய அக்காக்களின் ஒட்டகங்கள் அந்தத் துணியில் இன்னும் மங்கலாக நடந்துகொண்டிருந்தன.

பரிசைவிடப் பெரிய காரியம் ஒன்று எனக்கு அதில் இருந்தது. கும்பகோணத்தில் ஓவியக் கல்லூரியில் சேர வேண்டும். அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் டிப்பர் லாரி ஓட்டுகிறவர். "படம் வரஞ்சு யாருக்கு ஊசி போடப்போற?" என்று ஒரே கேள்வியில் பேச்சை முடித்து, நர்சிங் என்று தீர்மானித்திருந்தார். தலைமையாசிரியை சிஸ்டரிடம் போய் அழுதேன். "விழாவுக்கு அப்பாவ வரச்சொல்லு. உன் படத்துக்கு முன்னாடி நிக்கவச்சு நான் பேசுறேன். படம் மட்டும் படமா இருக்கணும்" என்றார்.

படம் படமாக வரவில்லை. காலண்டரைப் பார்த்து மலை போட்டேன். இட்லி இட்லியாக வந்தது. பக்கத்தில் உட்கார்ந்து யோசனை சொன்னவள் லெப்பைக்குடிக்காட்டுத் தோழி. எங்கள் கிறிஸ்துமஸ் நாடகங்களில் அவள்தான் நிரந்தர மாதா. அவளுக்குத்தான் முக்காடு நழுவாமல் நிற்கும். "பாலைவனம்னா மஞ்சளா இருக்கும்டி. எங்க அத்தா துபாய்லேருந்து அனுப்பிச்ச போட்டோ இருக்கு" என்று மறுநாள் கொண்டுவந்து காட்டினாள். அதில் அத்தாவும் ஒரு பெட்ரோல் பங்கும்தான் இருந்தார்கள்.

கடைசியில் எரிச்சல் வந்து, கை போன போக்கில் விட்டுவிட்டேன். என் கைக்குத் தெரிந்த ஒரே மேடுபள்ளம், ஒருமுறை அப்பாவின் லாரியில் உட்கார்ந்து பார்த்த சுரங்கம்தான். படிப்படியாக வெட்டிய வெள்ளைப் பள்ளம், அடியில் பச்சையாகத் தேங்கிய மழைத்தண்ணீர், விளிம்பில் ஒற்றைப் பனை. பள்ளத்தின் நடுவில் தொழுவத்தை வைத்து, மேலே நட்சத்திரத்தை மாட்டினேன்.

விழாவுக்கு முந்தைய நாள் சிஸ்டர் வந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"ஏம்மா, ஆண்டவர் பெத்லகேம்ல பொறந்தாரா, சிமெண்ட் ஆலைக்குப் பின்னாடி பொறந்தாரா?"

நான் தூரிகையைத் தண்ணீரில் அலசினேன்.

"சரி, இடையருங்க ஆட்ட ஓட்டிக்கிட்டு இதுல எப்படி எறங்குவாங்க?"

"லாரிப் பாதை இருக்கு சிஸ்டர்."

அவர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போய்விட்டார். நர்சிங் உறுதியாகிவிட்டது என்று நினைத்தேன்.

மறுநாள் பரிசு காமர்ஸ் பிரிவுக்குப் போனது. மோட்டார் வைத்து அருவி விட்டிருந்தார்கள். பெத்லகேமில் ஏதடி அருவி என்று கேட்க நாதியில்லை. நடுவராக வந்த ஃபாதர் எங்கள் படத்தைப் பார்த்து, "இது எகிப்தா?" என்று விசாரித்துவிட்டு, ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பாவைத் தந்தார்.

அப்பா வேலை முடிந்து நேரே வந்தார். புருவமெல்லாம் சுண்ணாம்புத் தூசி. சிஸ்டர் அவரைப் படத்தின் முன்னால் நிறுத்தி, திறமை, இறைவன் தந்த கொடை என்று தயாராக வைத்திருந்ததை ஆரம்பித்தார். அப்பா அதைக் கேட்கவில்லை. குனிந்து பனையைத் தொட்டார்.

"பனை சரியா நிக்குது. கெணறு எங்க?"

"என்ன கிணறுங்க?" என்றார் சிஸ்டர்.

"எங்க கொல்லைங்க சிஸ்டர் இது. இவ கைப்புள்ளையா இருக்கறப்ப கம்பெனிக்குக் குடுத்தோம். இப்ப அதுலதான் வண்டி ஓட்டுறேன்." அவர் விரல் நகர்ந்து தொழுவத்தின் மேல் வந்து நின்றது. "இங்கதான் கெணறு. எங்கப்பா வெட்டுனது."

அந்தப் புன்செய்க் கொல்லையைக் கம்பெனிக்கு விற்றது எனக்குத் தெரியும். அது எந்த இடம் என்று வீட்டில் யாரும் சொன்னதில்லை. தினமும் அதற்குள் இறங்கி, தோண்டியதை ஏற்றிக்கொண்டு வரும் மனிதரும் சொன்னதில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. யார்மேல் என்றுதான் புரியவில்லை. கையிலிருந்த சோப்பு டப்பாவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

"இத அப்புறம் என்ன செய்வீங்க?" என்று அப்பா கேட்டார்.

"திருநாள் முடிஞ்சதும் தொவச்சிருவோங்க."

"தொவைக்காதீங்க. நான் வேற துணி வாங்கியாறேன்."

பிறகு படுதாவின் ஓரச் சுருக்கத்தை நீவிவிட்டார்.

"நீங்க சொல்ற காலேஜ்ல கெணறு வரையச் சொல்லிக்குடுப்பாங்களா?"

சிஸ்டருக்கு ஓவியக் கல்லூரியின் வாசல்கூடத் தெரியாது. ஒரு சின்னப் பொய்க்கு எங்களை வெயிலில் முழங்கால் போடவைப்பவர் அவர். குழந்தை இயேசுவுக்கு எதிரிலேயே, கண் இமைக்காமல், "அதாங்க மொதப் பாடமே" என்றார்.

கும்பகோணத்தில் எங்களுக்கு முதல் பாடமாக வைத்தது ஒரு மண்பானை. அந்தப் பொய்யை சிஸ்டர் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொன்னாரா என்று எனக்குத் தெரியாது. சொல்லியிருக்கக் கூடாது என்பதுதான் என் வேண்டுதல்.