வாசலுக்கு வராத வேப்பிலை

தட்டம்மை வந்தவர் பக்கத்தில் இருந்திருந்தால் உள்ளே வராதீர்கள், காரிலிருந்தே போன் செய்யுங்கள் என்று இங்கே டொராண்டோவில் எங்கள் கிளினிக் கதவில் ஒட்டியிருக்கிறார்கள். போன வாரம் கொட்டும் பனியில், எட்டு மாத மகளை மடியில் வைத்துக்கொண்டு நானும் அப்படித்தான் போன் செய்தேன். நர்ஸ் வெளியே வந்து கார் சீட்டிலேயே அவளுக்கு ஊசி போட்டார். இந்த நாட்டில் ஒரு வயதுக்குப் பிறகுதான் தட்டம்மைக்குத் தடுப்பூசி. இது அவசரத்துக்குப் போட்டது. காக்கலாம், காக்காமலும் போகலாம் என்றார்.

எங்கள் கட்டடத்திலேயே குடியிருக்கும், எங்கள் தென்காசிப் பக்கத்துக் கடையத்துக்காரர் வீட்டு விருந்தில் வந்த வினை இது. சாம்பாரில் தாளிப்பு இல்லை. மறந்துவிட்டார்கள் போல என்று நினைத்தேன். மகளைத் தூங்கவைக்க உள்ளறைக்குப் போனால், கட்டிலில் அவர்கள் பையன் உடம்பெல்லாம் சிவந்து கிடக்கிறான். தலையணையைச் சுற்றி வேப்பிலை. அம்மை கண்ட வீட்டில் தாளிக்க மாட்டார்கள் என்பது அப்போதுதான் உறைத்தது.

"என்ன அண்ணாச்சி இது? ஊசி போடலையா?"

"அதெல்லாம் வெசம்மா. வீடியோல டாக்டரே சொல்லுதாரு."

"சரி, வாசல்ல வேப்பிலை கட்டியிருக்கலாம்லா? பச்சப்புள்ளைய தூக்கிட்டு வந்திருக்கேன்!"

"இங்கன கட்டுனா நாலு பேரு என்ன நெனப்பாவ?"

தென்காசியில் என் தம்பிக்கு அம்மை வார்த்தபோது அம்மா முதலில் செய்த காரியம் நிலையில் வேப்பிலை செருகியதுதான். சாரல் விழுந்து ஐந்தருவியில் குளிக்க வந்திருந்த சொந்தக்காரர்கள், அந்த இலையைப் பார்த்ததும் பெட்டி படுக்கையோடு அப்படியே திரும்பிப் போனார்கள். யாரும் கோபித்துக்கொள்ளவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள் என்று நம்பிய தெருவுக்கே அடுத்த வீட்டுக் குழந்தைமேல் அக்கறை இருந்தது. கடையம் பள்ளிக்கூடத்தில் ஊசி போட்டு வளர்ந்து, கல்லுக்குண்டு மாதிரி நிற்கும் இந்த மனிதருக்கு மட்டும் ஏன் இல்லை? பத்தியமும் வேப்பிலையும் விமானம் ஏறி வந்திருக்கின்றன. ஊருக்குச் சொல்லும் வழக்கத்தை மட்டும் மீனம்பாக்கத்திலேயே விட்டுவிட்டு வந்துவிட்டார்.

தினமும் விடிந்ததும் மகளின் காதுக்குப் பின்னால்தான் முதலில் பார்க்கிறேன். இன்றுவரை ஒன்றுமில்லை. இன்னும் சில நாட்கள் போக வேண்டும். தமிழ்க் கடையில் வேப்பிலை வாங்கிவரச் சொல்லி எங்கள் கதவில் கட்டினேன். எதிர்வீட்டு வெள்ளைக்கார அம்மாள் பார்த்துவிட்டு, "ஸோ ப்ரெட்டி! என்ன பண்டிகை?" என்று கேட்டுக்கொண்டே கிட்டே வந்தார். பதறிப்போய்க் கையை நீட்டித் தடுத்தேன். பிறகு, உள்ளே வர வேண்டாம் என்று ஆங்கிலத்தில் எழுதி இலைக்குக் கீழே ஒட்டினேன்.

காகிதம் அவருக்கு. வேப்பிலை, லிஃப்டுக்குப் போகும்போது தலையைக் குனிந்துகொள்ளும் கடையத்து அண்ணாச்சிக்கு.