கும்பிட்ட கையுடன் ஒரு கதவு

1. தட்டு வேலை

பம்பாய் செம்பூரில் ஒரு சாப்பாட்டுக் கடையின் சமையல்கட்டை விட்டுவிட்டு சயான் பக்கமாக நடந்துகொண்டிருந்தேன். முதலாளியோடு சண்டை ஒன்றும் இல்லை. ஒரே இடத்தில் சில மாதம் இருந்தால் எனக்குக் கால் அரிக்கத் தொடங்கிவிடும். எட்டாம் வகுப்பைப் பாதியில் விட்டதும் அப்படித்தான். தாராவியில் தெரிந்தவர் ஒருவருக்குத் தள்ளுவண்டி உண்டு. ராத்திரி அதில் படுத்துக்கொள்ளலாம் என்பதுதான் அன்றைய திட்டம்.

மாநகராட்சித் தேர்தல் நேரம். சிக்னல் அருகே ஒரு டெம்போவிலிருந்து எவர்சில்வர் தட்டுகள் சரிந்து சாலையெல்லாம் உருண்டன. நான் ஓடிப் பொறுக்கிக் கொடுத்தேன். டெம்போவில் இருந்தவர் துரைராஜ் அண்ணாச்சி. ஒரு வேட்பாளருக்காக தாராவியின் தமிழ்க் கல்லிகளைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவருடையது. கல்லி என்றால் அங்கே சந்து. என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இதத் தூக்கிக்கிட்டு ஓட முடியுமால?"

முடியும் என்றேன். அதுதான் இன்டர்வியூ.

வேலை இதுதான். வேட்பாளர் பாதயாத்திரையாக வரும்போது வீட்டு வாசலில் பெண்கள் ஆரத்தித் தட்டோடு நிற்க வேண்டும். அவர்களே பிரியப்பட்டு எடுத்து வந்தது போலத் தெரிய வேண்டும். ஆனால் தட்டு, குங்குமம், விளக்கு, எண்ணெய் எல்லாம் கட்சியுடையவை. தட்டுகளும் எல்லாக் கல்லிக்கும் போதாது. ஆகவே ஒரு கல்லியில் ஆரத்தி முடிந்ததும் தட்டுகளை வாங்கிக் கோணியில் போட்டுக்கொண்டு, பின்பக்கச் சாக்கடை ஓரமாக ஓடி, ஊர்வலம் வருவதற்குள் அடுத்த கல்லிப் பெண்கள் கையில் கொடுத்துவிட வேண்டும். விளக்கை ஏற்ற சிகரெட் லைட்டர் தந்திருந்தார்கள். எங்கள் வேட்பாளரை எல்லோரும் பாவு என்பார்கள், அண்ணன் என்று அர்த்தம். பாவு ஒவ்வொரு கல்லியிலும் அதே தட்டைப் பார்த்துப் புதிதாக நெகிழ்ந்து போவார். எதிர்க்கட்சியின் தட்டு ஆளும் அதே சாக்கடை ஓரமாக எதிரே ஓடி வருவான். ஒதுங்க இடம் கிடையாது. ஒருவர் கோணியை மற்றவர் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துத்தான் கடப்போம். ஒருமுறை கோணி மாறிவிட்டது. இரண்டு கட்சிக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை.

தட்டோடு இன்னொரு பொருளும் என் தலையில் இருந்தது. பாவு கைகூப்பி நிற்கும் ஆளுயர பிளைவுட் பலகை. ஊர்வலம் நுழைவதற்கு முன்பே அதைக் கல்லி முனையில் கட்டிவிட வேண்டும்.

2. பேச்சியம்மாள் அக்கா

நான்காவது நாள் ஒரு கல்லியில் தட்டுகளைக் கொடுத்தேன். பெண்கள் வாங்கிக்கொண்டார்கள். வாங்கியதும் எல்லாத் தட்டையும் ஒரு வீட்டுக்குள் அடுக்கி, பேச்சியம்மாள் அக்கா வாசலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டிலேயே இட்லி அவித்து விற்கிறவர், வள்ளியூர் பக்கம்.

"கதவு வந்தாத்தான் ஆரத்தி தம்பி. ஒங்க ஆளுட்ட போய்ச் சொல்லும்" என்றார்.

விஷயம் சண்டாஸ். பம்பாயில் பொதுக் கழிப்பிடத்துக்கு அதுதான் பெயர். அந்தக் கல்லியின் சண்டாஸில் பெண்கள் பக்கம் ஒரு அறைக்குத்தான் கதவு இருந்தது. அதற்கு எப்போதும் வரிசை. பக்கத்து அறை நன்றாக இருந்தும் கதவு இல்லை. அதில் போக வேண்டுமானால் கூட ஒருத்தி வந்து புடவையை விரித்துப் பிடிக்க வேண்டும். அக்காவின் மகள் செல்வி பிரசவத்துக்கு வந்திருந்தாள், எட்டாம் மாதம். அவளால் வரிசையில் நிற்க முடியவில்லை. போக வேண்டாமே என்று தண்ணீர் குடிப்பதை நிறுத்தியிருந்தாள். முந்தின நாள் மயங்கி விழுந்ததாகவும், தண்ணீர் குடிக்காவிட்டால் பிள்ளைக்கு ஆபத்து என்று டாக்டர் திட்டியதாகவும் அக்கா சொன்னார். போன தேர்தலிலும் பாவு இந்தக் கல்லியில்தான் கதவு தருவதாகக் கும்பிட்டுவிட்டுப் போனாராம்.

தூரத்தில் ஊர்வலத்தின் தாசா மேளம் கேட்டது. பாவு நெருங்கிக்கொண்டிருந்தார். தட்டு இல்லாமல் பாவு நுழைந்தால் எனக்கு வேலை போகும். நான் அக்காவிடம் கெஞ்சினேன். அக்கா என்னைப் பார்க்கவில்லை. என் தோளில் சாய்ந்திருந்த பலகையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தாராவியில் ஒரு சுத்தியல் கேட்டால் நாலு சுத்தியல் வரும். யாரோ பழைய கீல் கொண்டு வந்தார்கள், யாரோ ரம்பம். பாவுவின் வேட்டி ஓரம் கொஞ்சம் அறுபட்டது. மற்றபடி கதவில்லாத அறை வாசலுக்கு அளவு சரியாக இருந்தது. எந்தப் பக்கம் வெளியே இருக்க வேண்டும் என்பதில்தான் தகராறு வந்தது. பாவு உள்ளே பார்க்கட்டும், வெளியே தெரிந்தால் வம்பு என்றார் ஒரு பெண்.

"உள்ள அவரு கும்பிட்டுக்கிட்டு நின்னா நாம எப்பிடிட்டி உக்காருகது?" என்று அக்கா கேட்டார். அதோடு விவாதம் முடிந்தது.

செல்வி உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அக்கா தட்டுகளைத் திருப்பிக் கொடுத்தார். நான் விளக்கேற்றினேன்.

3. பாவு பாவுவைப் பார்த்தது

அப்படி ஒரு ஆரத்தியை நான் அந்தத் தேர்தலில் பார்க்கவில்லை. மற்றக் கல்லிகளில் பெண்கள் தட்டை இரண்டு சுற்றுச் சுற்றி நிறுத்திவிடுவார்கள். இங்கே சிரித்துக்கொண்டே சுற்றினார்கள், பாட்டுக்கூடப் பாடினார்கள். பாவு துரைராஜ் அண்ணாச்சியின் முதுகில் தட்டினார். பெண்கள் அவரைக் கையைப் பிடிக்காத குறையாகக் கல்லிக்குள் அழைத்துப் போனார்கள். மேளமும் பின்னால் போனது.

சண்டாஸ் முன்னால் மேளம் நின்றது. பாவு கழுத்தில் மாலை. எதிரே பாவு.

"யே க்யா ஹை?" இது என்ன என்று இந்தியில் கேட்டார் பாவு, மெதுவாக.

அண்ணாச்சி என் பக்கம் திரும்பினார். "கழட்டுல."

"கழட்ட ஏலாது அண்ணாச்சி" என்றார் அக்கா. "உள்ள ஆளு இருக்கு."

பாவு நின்றார். மேளக்காரர்கள் நின்றார்கள். சுற்றிலும் செல்போன்கள் உயர்ந்தன. திரும்பிப் போனால் தன் படத்தைக் கண்டு ஓடினார் என்பார்கள், அதனால் போகவும் வழியில்லை. போன தடவை சொன்ன கதவு இந்தத் தடவை வந்துவிட்டது, மிகவும் சந்தோஷம் என்று அவரிடம் இந்தியில் சொல்லும்படி அக்கா அண்ணாச்சியைக் கேட்டுக்கொண்டார். அண்ணாச்சி சொன்னார். வேறு வழியில்லை.

கதவு திறந்தது. செல்வி வயிற்றைப் பிடித்துக்கொண்டு வெளியே வந்தாள். மாலை, மேளம், கூட்டம் எல்லாவற்றையும் பார்த்துத் திகைத்து, என்ன செய்வதென்று தெரியாமல் பாவுவைக் கும்பிட்டாள். பாவு பழக்கத்தில் திருப்பிக் கும்பிட்டார். பின்னால் கதவும் கும்பிட்டுக்கொண்டிருந்தது. செல்போனில் எடுத்த அந்தப் படம் சாயந்திரத்துக்குள் வார்டு முழுக்கப் போய்விட்டது.

ஊர்வலத்தோடு வீடியோ எடுத்துக்கொண்டு வரும் தேர்தல் அதிகாரி ஒருவர் அப்போதுதான் முன்னால் வந்தார். அரசாங்கக் கட்டடத்தில் வேட்பாளர் படம் இருக்கக் கூடாது என்றார். அண்ணாச்சிக்கு உயிர் வந்தது. அப்படியானால் கழற்றிவிடலாமே என்றார். அதிகாரி யோசித்தார். படத்தை மறைக்கத்தான் தனக்கு அதிகாரம். கதவு என்றால் கட்டடத்தைச் சேர்ந்தது, அதைக் கழற்ற வார்டு ஆபீஸிலிருந்து உத்தரவு வேண்டும். தேர்தல் முடியும்வரை அங்கே யாரும் சும்மா இல்லை. ஆகவே பசை வாங்கி வரச்சொல்லி, பாவுவின் முகத்திலும் சின்னத்திலும் காக்கித் தாள் ஒட்டினார். கூப்பிய கையை மறைக்க விதி இல்லையாம். அதை விட்டுவிட்டார்.

அண்ணாச்சி என்னிடம் லைட்டரைத் திருப்பி வாங்கிக்கொண்டார். "இனி இந்த ஏரியாவுல ஒன் மூஞ்சியப் பாத்தேன்..." என்றார்.

4. மறுநாள் காலை

தள்ளுவண்டியில் படுத்திருந்த என்னை எழுப்பியது அண்ணாச்சியேதான். முகம் வாடியிருந்தது. யாராவது அந்தத் தாளைக் கிழித்துவிட்டால் பாவு மீது கேஸ் வரும், அந்தப் படமும் செல்போன்களில் இன்னொரு சுற்றுப் போகும். வாக்குப்பதிவு வரை கதவுக்குக் காவல் வேண்டும்.

"ஒன்னையத் தவிர எவனும் வரமாட்டேங்கான்" என்றார்.

போனேன். அங்கே எதிர்க்கட்சியின் தட்டு ஆள் முன்பே நின்றிருந்தான். பாவுவின் ஆட்களே தாளைக் கிழித்து இலவச விளம்பரம் தேடிக்கொள்வார்கள் என்று அவன் கட்சிக்குச் சந்தேகம். இரண்டு கட்சியும் ஒரே கதவைக் காக்க ஆள் போட்டிருந்தன.

பொம்பளைகள் போகிற இடத்தில் ஆண்கள் பார்த்துக்கொண்டு நிற்பதா என்று பேச்சியம்மாள் அக்கா எங்கள் இரண்டு பேருக்கும் ஆளுக்கொரு ஸ்டூல் கொடுத்து, எப்படி உட்கார வேண்டும் என்றும் சொன்னார். கதவுக்கு முதுகைக் காட்டி. திரும்பிப் பார்த்தால் வெந்நீர் வரும் என்றார். இட்லிக் கடைக்காரர், வெந்நீருக்குப் பஞ்சமில்லை.

இந்த வேலைக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது ஒன்றுதான். உங்கள் தலையில் ஏற்றிவிடும் சாமானைக் கட்சிக்காரன் கண்ணால் பார்க்காதீர்கள். கல்லியில் இருக்கிறவள் கண்ணால் ஒருமுறை பாருங்கள். அது எங்கே போய்ச் சேரும் என்று அப்போதே தெரிந்துவிடும்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். செல்வி ஒரு செம்புத் தண்ணீரை நின்றபடியே முழுக்கக் குடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போனாள். முதுகுக்குப் பின்னால் கொக்கி மாட்டும் சத்தம் கேட்டது.