சிவப்புப் பூசிய திருகாணி

அச்சகத்துக்குப் பின்னால் இருந்த அந்த நீளமான அறையைத் தொண்டுச் சங்கத்தார் பட்டறை என்பார்கள். சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மெக்கானிக் வந்து பூட்டைத் திறப்பார். முதலில் ஜன்னல், பிறகு விளக்கு, அப்புறம் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சின்னக் குப்பி. அது அவர் மனைவியின் நகப்பூச்சு, அடர்ந்த சிவப்பு. இப்போது அந்த அறையில் அச்சகக்காரர் காகிதக் கட்டுகளை அடுக்கி வைத்திருக்கிறார். அந்தப் பக்கம் போகும்போது மெக்கானிக்கின் நடை தானாகத் தளர்கிறது. மிஷின் எண்ணெய் வாசனை இன்னும் வருகிறது என்கிறார். மனைவி இல்லவே இல்லை என்கிறாள்.

துணித் தொழிற்சாலையில் முப்பத்தொரு ஆண்டுகள் தையல் மிஷின்களைப் பழுது பார்த்தவர் அவர். ஓய்வு பெற்றதும் வீட்டுக் கதவின் கீல்களையெல்லாம் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தார். பொறுக்க முடியாத மனைவிதான் சங்கத்துக்கு அனுப்பி வைத்தாள். ஏழெட்டுப் பேர் சேர்ந்து நடத்திய சின்னத் தொண்டுச் சங்கம் அது. வீடு வீடாகப் போய்ப் பழைய தையல் மிஷின்களை வாங்கி, செப்பனிட்டு, கடல் தாண்டி இருந்த ஒரு பெண்கள் தையல் கூடத்துக்குக் கப்பலில் அனுப்புவார்கள். அங்கேயும் பேச்சு இதே மொழிதான். நடுவில் கடல் மட்டும் இருந்தது.

முதல் முறை அனுப்பிய மிஷின்களில் இரண்டை அங்கே யாரோ தெரியாத்தனமாகத் திருகிக் கெடுத்துவிட்டார்கள். மெக்கானிக் நேரில் போய்ச் சரிசெய்தார். அடுத்த முறையிலிருந்து, நுட்பமான திருகாணிகள் எல்லாவற்றின் தலையிலும் ஒரு பொட்டு நகப்பூச்சு வைத்தார். "சிவப்பு இருந்தா கை வைக்கக் கூடாது. நான் வந்து பாத்துக்கிறேன்." இதுதான் சட்டம்.

அப்படியே ஆண்டுக்கொரு முறை மூன்று வாரம் போனார். பன்னிரண்டு கிலோ கருவிப் பையோடு பேருந்திலிருந்து இறங்கும்போது, கூடத்தின் பெண்கள் எல்லாரும் சாலையோரம் நிற்பார்கள். அவர்களுக்குத் தலைவி, ஐம்பத்தைந்து வயதுக்காரி. எல்லாருக்கும் அவள் பெரியக்கா. "வந்துட்டாருடி நம்ம டாக்டரு! நோயாளியெல்லாம் வரிசையில நிக்குது" என்பாள். அந்த ஒரு வாக்கியத்துக்காக அவர் பதினோரு மாதம் காத்திருப்பார். ஒவ்வோர் ஆண்டும் மனைவி கேட்பாள்: "என்னையும் ஒருதடவை கூட்டிட்டுப் போனா என்னவாம்?" அவரும் ஒவ்வோர் ஆண்டும் ஒரே பதிலைத்தான் சொல்வார்: "வேலைக்குப் போறேன். பையில இடமும் இல்ல."

பிறகு நோய்க்காலம் வந்தது. பட்டறையைப் பூட்டினார்கள். இருபது மிஷின்கள் துறைமுகத்தில் பெட்டிக்குள்ளேயே கிடந்தன. சங்கத்தின் செயலாளர் ஓய்வு பெற்ற டீச்சர். சும்மா இருக்கத் தெரியாதவர். சனிக்கிழமைக் கூட்டத்தைத் தொலைபேசிக்கு மாற்றினார். "சாமான் போக முடியலன்னா நம்ம குரலாவது போகட்டும்" என்றார். மெக்கானிக் சிரித்தார். "குரலை வச்சு ஸ்க்ரூ திருக முடியுமா டீச்சர்?"

மூன்றாவது சனிக்கிழமை பெரியக்கா வீடியோவில் வந்தாள். முகத்தில் பாதி துணி. அங்கே ஆஸ்பத்திரிக்கு முகக்கவசம் தைத்துக் கொடுக்கிறார்கள். மடிப்பு மடிப்பாகக் கனத்த துணியைத் தைத்துத் தைத்து, பதினாலு மிஷினில் ஆறு மக்கர் பண்ணின. தையல் விட்டு விட்டு விழுந்தது. நர்சுகள் பழைய கவசத்தையே துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, நீங்க எப்ப வருவீங்க?" என்றாள்.

"விமானமே ஓடல தங்கச்சி."

"அப்ப?"

அவருக்குத் தெரியும், ஊசித்தண்டு மேலே ஏறியிருக்கும். கீழே வரும் கொக்கிக்கு நூல் வளையம் எட்டாது. தண்டைச் சற்றே இறக்கி இறுக்கினால் போதும். ஆனால் அதைச் செய்தது எப்போதும் அவர் கை. வாயால் சொல்லிப் பழக்கமே இல்லை.

"முன்பக்கத் தகட்டைக் கழட்டு. உள்ளே தண்டைப் பிடிச்சுக்கிட்டு ஒரு திருகாணி இருக்கும். அதைத் தளர்த்து."

பெரியக்கா தகட்டைக் கழற்றி எட்டிப் பார்த்தாள். கையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

"அது சிவப்பு அண்ணே."

"தெரியும். தளர்த்து."

"சிவப்புல கை வைக்கக் கூடாதுன்னு செவுத்துலயே எழுதி ஒட்டியிருக்கோம். புதுசா சேர்ற பொண்ணுங்களுக்கு முதல் பாடமே அதுதான். பதினாலு வருஷமா ஒருத்திகூட தொட்டதில்ல, பெருமையாவே சொல்றேன்."

"சட்டம் போட்டவன் நான்தானே? நானே சொல்றேன், தொடு."

"கெட்டுப் போச்சுன்னா?"

"கெட்டுத்தானே கிடக்குது! இதுக்கு மேல என்ன கெடும்?"

பின்னால் நின்ற பெண்கள் சிரித்தார்கள். பெரியக்கா திருப்புளியை எடுத்தாள். சிவப்பு உதிர்ந்து அவள் விரலில் ஒட்டியது. அவர் சொல்லச் சொல்ல, சக்கரத்தைக் கையால் மெல்லச் சுற்றினாள், ஊசியின் காதும் கொக்கியின் மூக்கும் சந்திக்கும் இடத்தைப் பார்த்தாள், தண்டை ஒரு நூலளவு இறக்கினாள், இறுக்கினாள். இந்தப் பக்கம் மனைவி போனைப் பிடித்துக்கொண்டிருந்தாள். மெக்கானிக்கின் விரல்கள் வெறும் காற்றைத் திருகிக்கொண்டிருந்தன.

மிஷின் ஓடியது. தையல் எறும்பு வரிசை மாதிரி இடைவெளி விடாமல் விழுந்தது. பெண்கள் கைதட்டினார்கள். பெரியக்கா கைதட்டவில்லை. துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவுதானா அண்ணே?"

அவள் குத்திக் காட்டவில்லை. உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். ஆனால் பதினாலு ஆண்டுகள், மூன்று மூன்று வாரம், சாலையோரக் காத்திருப்பு எல்லாம் அந்த ஒரு சொல்லில் கால் திருகு அளவுக்குச் சுருங்கிவிட்டன. மெக்கானிக் வாயைத் திறந்தார். 'அனுபவம் வேணும்' என்று ஏதாவது சொல்லியிருக்கலாம். மனைவி போனுக்கு மேலாக அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இவ்வளவுதான் தங்கச்சி," என்றார். "முதல் வருஷமே சொல்லிக் குடுத்திருக்கணும்."

பெரியக்கா துணியைக் கீழே வைத்தாள். "சரி, அடுத்த மிஷினைக் காட்டவா?" என்றாள்.

அன்றைக்கே ஆறும் ஓடின. கடைசி இரண்டுக்கு அவள் அவரிடம் எதுவும் கேட்கவே இல்லை, தானே பார்த்துக்கொண்டாள். அடுத்தடுத்த சனிக்கிழமைகளில் ஒவ்வொரு சிவப்பாக உதிர்ந்தது. அந்த ஆண்டு முடிவதற்குள் அவர்களே உள்ளூரில் பழைய மிஷின் வாங்கிச் செப்பனிடத் தொடங்கினார்கள். கப்பல் தேவைப்படவில்லை; அதனால் பட்டறையும் தேவைப்படவில்லை. பட்டறையைக் காலி செய்த அன்று டீச்சர், "நல்ல வேலைன்னா இப்படித்தான் முடியணும்" என்றார். மெக்கானிக் தலையாட்டினார். சரிதான் என்று தெரிந்ததால் வருத்தம் ஒன்றும் குறைந்துவிடவில்லை.

விமானங்கள் மறுபடி ஓடத் தொடங்கின. அவர் போகும் மாதமும் வந்தது. அவர் கதவுக் கீலுக்கு எண்ணெய் போட்டுக்கொண்டிருந்தபோது போன் அடித்தது.

"என்ன அண்ணே, டிக்கெட் போட்டாச்சா?" பெரியக்காதான்.

"எதுக்கும்மா? எல்லாம்தான் ஓடுதே."

"ஓ! மிஷினைப் பாக்கத்தான் இத்தனை வருஷமா வந்தீங்களா? எங்களைப் பாக்க இல்லையா?"

அவரே தன்னை அப்படிக் கேட்டுக்கொண்டதில்லை.

"ரோட்டோரம் நிக்கிறதுக்கு ஆளுங்க தயாரா இருக்கோம். ஸ்க்ரூடிரைவரைக் கொண்டு வந்தீங்கன்னா, அப்படியே பஸ் ஏத்தி விட்டுருவேன்" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மாலையில் பையை இறக்கினார். கருவிகளை எடுத்துத் தரையில் பரப்பினார். சின்னத் திருப்புளி ஒன்றை மட்டும் காலுறைக்குள் செருகினார். மனைவி வந்து அதை உருவி இழுப்பறையில் போட்டாள். காலியான பையைத் தூக்கிப் பார்த்தாள்.

"இப்ப இடம் இருக்குது" என்றாள்.

தன் துணிகளை மடித்து உள்ளே அடுக்கினாள். கடைசியாக ஒரு புது நகப்பூச்சுக் குப்பி, அதே சிவப்பு. அவர் கை தன்னை அறியாமல் அதை நோக்கிப் போனது.

"கை வைக்கக் கூடாது," என்றாள் மனைவி. "இது என் நகத்துக்கு."